லூசியான் பட்டறையில் குறைந்துபோன இருபத்தைந்து நிமிடங்கள்

நான் பிரான்ஸ் போய்வந்தவன் என்று யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் தேநீர் இடைவேளைதோறும் பாரிஸைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஏமாற்றத்தை முதலிலேயே தந்துவிடுகிறேன். பாரிஸை நான் விமான நிலையக் கண்ணாடி வழியாக ஒருமுறையும் ரயில் ஜன்னல் வழியாக ஒருமுறையும் பார்த்தேன், இருமுறையும் மழை. எஞ்சிய நாட்களெல்லாம் முப்பது வீடுகளும் அவற்றைப் போல் பத்து மடங்கு மாடுகளும் கொண்ட ஓர் உழவர் கிராமத்தில் கழிந்தன. கோபியர் தலைவனைக் காலையிலும் மாலையிலும் பாடித் துதிக்கிற எனக்கு அந்த மாடுகள் குறையாகத் தோன்றவில்லை. உடன்வந்த எங்கள் ஆலைத் தொழிலாளி ஏகாம்பரத்துக்கு மட்டும் வருத்தம். வாலாஜாபாத்துக்கு அருகே அவர் வீட்டிலேயே ஆறு மாடுகள் இருந்தன.

இயந்திரங்களைச் சோதித்து ஒப்புதல் தரும் ஆய்வாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அந்தக் கிராமத்தில் நடந்த ஒரே ஒரு நாளைச் சொல்ல விரும்புகிறேன். அன்று நான் கெட்டிக்காரனாக நடந்துகொண்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். எண்ணுவதற்கு வாய்ப்பே தராமல் எழுதுவேன்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, ஆடி மாதம். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் எங்கள் ஆலை வண்டிகளுக்கான ரப்பர் வளையங்களைச் செய்துவந்தது. வளையங்களை வெட்ட ஒரு புதிய இயந்திரம் வாங்க முடிவாயிற்று. அதைச் செய்பவர் லூசியான் என்னும் எழுபது வயது உழவர். கதிரடிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தொடங்கிய அவருடைய பட்டறை, மெல்ல மெல்லப் பிறருக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் பட்டறையாக வளர்ந்திருந்தது. ஆட்கள் எட்டுப் பேர். எண்மரும் காலையில் மாடு கறந்துவிட்டு வேலைக்கு வருபவர்கள். லூசியானின் மருமகள் க்ளேர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவர். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பு அவருடையது.

இயந்திரத்தைப் பற்றி நீங்கள் அறிய வேண்டியது சிறிதுதான். கீழே ஒரு மேடை. மேலே கத்திகள் பதித்த கனமான தலை. ரப்பர்த் தகடு மேடைமேல் நகர நகர, தலை இறங்கி வெட்டிவிட்டு ஏறும். மீண்டும் இறங்கும். ஒரு பலாப்பழத்தை ஒரே அடியில் பிளக்கும் வேகம் அதற்கு உண்டு.

நான் செய்ய வேண்டிய வேலை ஒரு கையெழுத்து. இயந்திரம் எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும். ஓடினால் நான் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்டால்தான் அது பட்டறையை விட்டு வெளியேறும். 'இடைவிடாமல்' என்ற சொல்லை ஒப்பந்தத்தில் சேர்த்தவன் நானே. அந்தச் சொல்லின் மிடுக்கில் எனக்கு அப்போது பெரும் பெருமிதம். செவ்வாய் அதிகாலையில் லாரி வரும், அதை விட்டால் கப்பல் போய்விடும், அடுத்த கப்பலுக்குப் பல வாரம் காத்திருக்க வேண்டும். சோதனை ஓட்டத்துக்குக் கிடைத்தது திங்கட்கிழமை ஒன்றுதான். புறப்படும்போது எங்கள் பொது மேலாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவே: "கையெழுத்து போட்ட பேப்பரோட வாங்க. இல்லேன்னா அங்கேயே மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்துடுங்க."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு லூசியானும் ஆட்களும் ஆயத்தமாக நின்றார்கள். நான் ஆயத்தமாக இல்லை. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை. ஏழுக்குத் தொடங்கினால் அரை மணியில் ராகுகாலத்துக்குள் நுழைந்துவிடும். எனவே ஒன்பதுக்குத் தொடங்கலாம் என்றேன். பக்தி அதிகமிருந்து அறிவு குறைவாயிருந்த பருவம் அது. இன்று பக்தியாவது எஞ்சியிருக்கிறது.

ஏகாம்பரம் என் காதருகே வந்தார். "சார், ஒரு டவுட்டு. இந்த ஏழரை நம்மூரு ஏழரையா, இவங்கூரு ஏழரையா? நம்மூர்ல இப்போ மணி பத்தரை ஆகியிருக்கும். ராகுகாலம் எப்பவோ பூட்சே சார்."

"எந்த ஊர்ல நிக்கிறோமோ அந்த ஊர்க் கடிகாரம்தான்" என்றேன், எனக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்தவனின் குரலில்.

"அப்போ ராகுவும் நம்மகூட ஃப்ளைட்ல வந்துகீறாரு" என்று சொல்லிவிட்டு அவர் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

க்ளேர் என் காரணத்தை நெடுநேரம் மாமனாருக்கு விளக்கினார். அவர் வானத்தை ஒருமுறை பார்த்தார், தலையசைத்தார், வாசலில் இருந்த பலகையில் போய் அமர்ந்துகொண்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மரியாதையின் அளவு எனக்கு நண்பகலில்தான் விளங்கியது.

ஒன்பதுக்குத் தொடங்கினோம். இயந்திரம் அருமையாக ஓடியது. பன்னிரண்டுக்கு மாதா கோவில் மணி அடித்தது. அந்த ஊரில் மணி அடித்தால் எல்லாம் நிற்கும். இரண்டு மணி வரை உணவும் ஓய்வும். லூசியானின் கை இயல்பாகச் சிவப்புப் பொத்தானை நோக்கிப் போயிற்று. நான் குறுக்கே கையை நீட்டி, ஒப்பந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். இடைவிடாமல்.

அவர் என் கையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன சொல்கிறார்?" என்றேன்.

"உங்கள் மணி வரும்வரை அவர் காத்திருந்தாராம்" என்றார் க்ளேர். "அதற்கு மேல் சொன்னதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை."

ஆயினும் ஓட்டம் நிற்கவில்லை. க்ளேர் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் கொண்டுவந்து, இயந்திரத்தின் அருகிலேயே நின்றபடி உண்ணலாமே என்றார். லூசியான் மறுத்தார். நின்றுகொண்டு தின்பது குதிரை என்றாராம். தம் ஆட்களில் அறுவரை உண்ண அனுப்பிவிட்டு, இருவரோடு பசியுடன் நின்றார். என்னுடையது ஏகாதசி விரதத்துக்குப் பழகிய உடம்பு. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இதைப் பெருமையாக நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு மேற்கே வானம் இருண்டது.

பட்டறையின் பின்வாசலிலிருந்தே கோதுமை வயல் தொடங்கும். முற்றிய கோதுமை, அறுக்க நின்ற நாள். அறுவடை இயந்திரம் வயலோரம் எண்ணெய் ஊற்றி நிறுத்தப்பட்டிருந்தது. அதை ஓட்டவும் தானிய வண்டிகளை இழுக்கவும் வேண்டிய ஆட்கள் பட்டறைக்குள் நின்று என் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். லூசியான் இப்போது முணுமுணுக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார். ஓட்டத்தை நிறுத்துவோம், நாளை முதலிலிருந்து ஓட்டுவோம் என்று க்ளேர் மூலம் கேட்டார்.

"நாளைக் காலை லாரி வருகிறது" என்றேன். "இன்று முடியாவிட்டால் நான் கையெழுத்திட முடியாது."

ஒரு வரியில் ஒரு கிழவரின் ஓராண்டு உழைப்பை மழைக்குக் கொடுக்கத் துணிந்தேன். நான் கொடியவன் அல்லன். என் கையில் ஒரு தாள் இருந்தது, அவ்வளவே. தாள் கையில் இருக்கும்போது வானத்தைப் பார்க்கும் வழக்கம் நம் தொழிலில் குறைவு.

ஏகாம்பரம் குறுக்கிட்டார். அவர் குரலில் அதுவரை இருந்த கேலி இல்லை.

"சார், அவங்கள வுடுங்க சார். எங்கப்பா ஒரு தபா அறுப்புக்கு நின்ன நெல்ல மழைல வுட்டுட்டு, ரெண்டு நாளு யார்கிட்டயும் பேசாம குந்திக்கினு இருந்தாரு. நான் பாத்துகீறேன். மெஷினத்தானே ஓட்டணும்? நான் ஓட்றேன்."

"நாம வாங்கறவங்க, ஏகாம்பரம். ஓட்டிக் காட்ட வேண்டியது அவங்க ஆளுங்க."

"எட்டு மணி நேரம்னு தானே சார் எழுதிகீறீங்க? எவன் ஓட்டணும்னு எழுதலியே?"

எழுதியிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லவில்லை. என் வாழ்வில் ஒரு விதியை நான் கண்டும் காணாமல் விட்ட முதல் தருணம் அது. இரக்கத்தால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஓட்டம் நின்றுபோகாமல் இருக்க இது ஒரு வழி என்று என் மனம் கணக்கிட்டது என்பதே உண்மை. லூசியான் ஏகாம்பரத்தின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு வயலுக்கு ஓடினார். எழுபது வயதில் அப்படி ஓடியவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பட்டறையில் நாங்கள் இருவர். வெளியே அறுவடை இயந்திரத்தின் இரைச்சல். உள்ளே வெட்டும் தலையின் சீரான ஓசை. நான்கு மணி ஆயிற்று. நான்கரை ஆயிற்று. முதல் துளிகள் கூரையில் விழுந்தன. நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தபோது பெரிய இடி ஒன்று விழுந்து, விளக்குகள் அணைந்தன. தலை பாதி ஏறிய நிலையில் நின்றது.

என் முதல் எண்ணம் கப்பலைப் பற்றியது. இருபத்தைந்து நிமிடம்! எம்பெருமானே, ஏழரை மணி நேரம் பொறுத்தாய், இன்னும் அரை மணி பொறுக்கக் கூடாதா என்று அவனோடு வழக்காடிக்கொண்டிருந்தேன்.

ஏகாம்பரம் வழக்காடவில்லை. நம் ஊர்த் தொழிலாளி மின்சாரம் போனதும் என்ன செய்வாரோ அதைச் செய்தார். இன்றைய ஆலைகளில் நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்று நம் சாலை நெடுக உள்ள பட்டறைகளில் மின்வெட்டு என்பது சுத்தம் செய்யும் வேளை. கத்தியில் சிக்கிய ரப்பர்ப் பிசிறுகளை ஓடும்போது எடுக்க முடியாது. நிறுத்தி எடுத்தால் உற்பத்தி குறையும். மின்சாரம் போனால் இரண்டு தொல்லையும் இல்லை. கையை உள்ளே விட்டு எடுத்துவிடலாம். அப்படிச் செய்பவரைச் சுறுசுறுப்பானவர் என்று மேற்பார்வையாளர்கள் மெச்சுவார்கள். நானே பலரை மெச்சியிருக்கிறேன்.

ஏகாம்பரம் முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பிசிறுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்நேரம் க்ளேர் நனைந்த தலையோடு வாசலுக்கு ஓடிவந்தார். "முடிந்தது! கோதுமை முழுவதும் கூரைக்குள் வந்துவிட்டது!" என்றார். எனக்குப் புரிந்தது ஆங்கிலம். ஏகாம்பரத்துக்குப் புரிந்தது அந்த முகம். இடுப்பை நிமிர்த்தி, கையை வெளியே எடுத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி அவரைக் கும்பிட்டார்.

விளக்குகள் எரிந்தன. இயந்திரத்தின் தலை இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது.

க்ளேர் கைதட்டினார். "பாருங்கள், உங்கள் இயந்திரமும் ஓடத் தொடங்கிவிட்டது!"

ஏகாம்பரம் தூக்கிய கைகளைத் தாழ்த்தவில்லை. "சார்" என்றார். "நான் ஸ்விட்ச்ச தொடவே இல்ல சார்."

நான் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். 

சற்று நேரத்தில் லூசியான் வந்தார், முடியெல்லாம் உமி, முகமெல்லாம் சிரிப்பு. ஆட்களும் வந்தார்கள். எனக்கென்று ஆப்பிள் சாறும் அவர்களுக்கென்று வேறொன்றும் குவளைகளில் ஊற்றப்பட்டன. இருபத்தைந்து நிமிடம் குறைந்ததை அறிந்ததும் லூசியான் பெருந்தன்மையோடு சொன்னார்: "இடி எங்கள் பட்டறையில் செய்ததல்ல. அதை மன்னியுங்கள், உங்கள் ராகுவை நான் மன்னிக்கிறேன்." எல்லோரும் சிரித்தார்கள். தாளை என் முன் வைத்து, தம் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் திறந்து நீட்டினார்.

நண்பர்களே, அந்த நேரத்தை மட்டும் நிதானமாக எண்ணிப் பாருங்கள். மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தானாக ஓடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. ஒப்பந்தத்தை எழுதியவன் நான். ஒரு நாளில் பலமுறை மின்சாரம் போகும் ஊரிலிருந்து வந்தவன், மின்சாரம் போவதே அரிதான ஊரில் சில நாள் தங்கியிருந்த சுகத்தில் அதை மறந்தே போயிருந்தேன். இடைவிடாமல் எட்டு மணி நேரம்! நம் சாலையில் அப்படி ஓடிய இயந்திரம் அன்று ஒன்றாவது உண்டா? நம் ஊரில் ஒருநாளும் நிகழாத ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டு, நாள்தோறும் நிகழ்வதைக் கேட்காமல் விட்டிருந்தேன்.

பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன். காரணத்தைச் சொன்னேன்.

லூசியானின் சிரிப்பு போய்விட்டது. "நாற்பது ஆண்டாக இந்தப் பட்டறையில் ஒருவருக்கும் விரல் போனதில்லை. இயந்திரத்துக்குள் கையை விடுபவன் யார்?"

"எங்கள் ஊரில் எல்லோரும்" என்றேன்.

மின்சாரம் எத்தனை முறை போகும் என்று கேட்டார். ஏகாம்பரம் ஒரு கையை விரித்து ஐந்து விரல் காட்டினார்.

"ஓராண்டுக்கா?"

"ஒரு ஷிஃப்டுக்கு" என்றார் ஏகாம்பரம். அதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. க்ளேரின் முகமே போதுமாயிருந்தது. ஆனாலும் லூசியான் இணங்கவில்லை. தாளில் இல்லாததைக் கேட்பது நேர்மையல்ல என்றார். அது சரியான சொல். பகல் முழுவதும் அவரைத் தாளால் அடித்தவன் நான்; இப்போது அதே தாளை அவர் எடுத்துக்கொண்டார்.

தொலைபேசியில் மேலாளரை அழைத்தேன். ஸ்ரீபெரும்புதூரில் அவர் இரவுச் சாப்பாட்டை முடித்திருக்கும் நேரம்.

"ஓடிச்சா, ஓடலையா?"

"ஓடிச்சு சார். அதான் பிரச்சினை."

"புரியற மாதிரி பேசுங்க. இது காண்ட்ராக்ட்ல இருக்கா?"

"இல்ல சார். நான் எழுதல. என் தப்பு."

"அப்போ கையெழுத்தப் போட்டுட்டு வாங்க. இங்க வந்து நாம பாத்துக்கலாம்."

இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சொற்றொடரை உங்கள் பணிக்காலத்தில் பலமுறை கேட்பீர்கள். சொல்பவர் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். இங்கே வந்தபின் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வந்த மறுநாளே இயந்திரத்தை ஓட்டச் சொல்வார்கள்; ஒரு வாரத்தில் மின்சாரம் போகும்; ஒரு சுறுசுறுப்பானவர் கையை உள்ளே விடுவார்.

"போடல சார்" என்றேன்.  மேலாளர், "மாடுங்க எப்படி, நல்லா பழகுதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை லாரி வந்து வெறுமையாகத் திரும்பியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஏகாம்பரத்துடன் பட்டறைக்குப் போனேன். லூசியான் எனக்கு முன்பே தனியாக வந்திருந்தார். இயந்திரத்தின் மேடையில் நீளமான ரொட்டி ஒன்று கிடந்தது. சுவரில் இருந்த பெரிய மின்விசையை அவர் அணைத்து, ரொட்டியை வைத்துவிட்டு, மறுபடி போட்டிருக்க வேண்டும். ரொட்டி நான்கு துண்டாகியிருந்தது. அவர் அந்தத் துண்டுகளைப் பார்த்தபடி, தம் கட்டைவிரலை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் மின்பெட்டியின் மூடியைக் கழற்றிக் கம்பிகளை வெளியே இழுக்கத் தொடங்கினார். ஏகாம்பரம் திருப்புளியை எடுத்துக்கொண்டு அவர் அருகே போனார். இரண்டு நாளில் வேலை முடிந்தது. இப்போது மின்சாரம் போய்வந்தால் இயந்திரம் அப்படியே நிற்கும். ஒருவர் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். அதைப் பார்த்த பின்பே கையெழுத்திட்டேன். அந்த இரண்டு நாளும் பன்னிரண்டு மணிக்கு நான் லூசியானுடன் மேசையில் அமர்ந்து உண்டேன்.

இயந்திரம் ஐப்பசியில் வந்து சேர்ந்தது. தாமதத்துக்கான விளக்கத்தை நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். அவ்வாண்டு எனக்கு வர வேண்டியிருந்த பதவி உயர்வு, கையெழுத்தை விரைவாகப் போடும் நண்பர் ஒருவருக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர்; இனிப்புக் கொடுத்தார்; நானும் உண்டேன்.

நான் செய்தது சரிதானா என்று பிறர் சொல்லக் கேட்கும் ஆசை எனக்கு அப்போது இருந்தது. உங்களுக்கும் இருக்கும். இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்தத் தீர்ப்பு வந்தது. படப்பைப் பக்கத்திலிருந்து வந்த டில்லிபாபு என்பவர்தான் அதை ஓட்டினார். மின்சாரம் போய்த் திரும்பியிருந்தது. நான் அவ்வழியாக நடந்து போனபோது மறித்துக்கொண்டார்.

"இன்னா மெஷின் சார் வாங்கியாந்துகீறீங்க? பக்கத்து லைன்ல கரண்ட் வந்தா மெஷின் தானா ஓடுது. இது மட்டும் மாப்ள மாதிரி குந்திகினு கீது. ஒவ்வொரு தபாவும் நான் பாதி வேலைல கைய வெளிய எட்த்து, சுத்திகினு போயி, பச்ச பட்டன அமுக்கணும். ஒரு ஷிஃப்டுக்கு எத்தினி வாட்டி சார் அமுக்குவான் மனுசன்? ஃபாரின் போயி இத்தான் பாத்து எட்த்தாந்தீங்களா? இத மாத்தச் சொல்லுங்க சார்!"

சொல்லுக்குச் சொல் இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே வீசி வீசித் திட்டினார்.  நான் பிசிறும் கரியும் ஒட்டிய அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணுவதற்குச் சற்று நேரமாயிற்று, அவர் அசைத்துக்கொண்டே இருந்ததால். பத்து விரலும் இருந்தன.